இடம் பார்த்தவர்

கைவிட்ட கல்குவாரிக் குழியில் என்றோ பீப்பாய் பீப்பாயாகக் கொட்டிய கழிவு, பல வருஷம் கழித்துப் பக்கத்துத் தெருக்களின் கிணறுகளுக்கு வந்து சேர்ந்தது. தண்ணீரின் மேல் எண்ணெய் மினுக்கியது. பிள்ளைகளுக்குத் தோல் உரிந்தது. கழிவு பூச்சிமருந்துத் தொழிற்சாலையுடையதுதான், அதைத் தொழிற்சாலையே மறுக்கவில்லை. வழக்கு வேறொரு கேள்வியில் வந்து முட்டி நின்றது. அந்தக் குழியைத் தேர்ந்தெடுத்தது யார்? தொழிற்சாலை கைகாட்டியிருந்தால் மண்ணைச் சுத்தம் செய்கிற செலவு மொத்தமும் அதன் தலையில் விழும். லாரிக்காரர் தானே இடம் பார்த்துக் கொட்டியிருந்தால் பழி அவர் மேல். அவர் போய்ச் சேர்ந்துவிட்டதால் அவர் விட்டுப்போன வீட்டின் மேல்.

பழியை யார் தலையில் கட்டலாம் என்று பார்த்துச் சொல்வதுதான் பஞ்சுவின் பிழைப்பு. தொழிற்சாலை வக்கீல்கள் வைத்திருந்த விசாரணையாள் அவன். பேச்சு மெத்தென்று இருப்பதால் அலுவலகத்தில் வைத்த பெயர்தான் பஞ்சு. உண்மையைக் கண்டுபிடிப்பதில் அவனுக்குச் சிரமமே கிடையாது. இந்த வழக்கிலும் எடுத்த எடுப்பிலேயே கண்டுபிடித்துவிட்டான். தொழிற்சாலையின் பழைய மேற்பார்வையாளர் வாசலிலேயே வைத்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "நான்தாங்க வண்டியில முன்னாடி உக்காந்து போவேன். இங்க கொட்டு, அங்க கொட்டுன்னு கைகாட்டுவேன். அந்த மனுஷன் வாயே திறக்க மாட்டாரு."

பஞ்சு அதைப் பதிவு செய்யவில்லை. இன்னமும் தொழிற்சாலைதானே உங்களுக்கு ஓய்வூதியம் கொடுக்கிறது என்று அக்கறையாக விசாரித்தான். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னான். பெரியவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. அதற்குப் பிறகு அவருக்கு எதுவுமே ஞாபகத்தில் இல்லை.

மிச்சம் இருந்தது லாரிக்காரரின் மனைவி. இந்த மாதிரி வீடுகளுக்கென்று பஞ்சு ஒரு வழி வைத்திருந்தான். செத்தவரைக் கொஞ்சம் மட்டம் தட்டிப் பேசுவான். வீட்டில் இருப்பவர்கள் ரோஷப்பட்டு அவரைத் தூக்கி நிறுத்துவார்கள். எவ்வளவு உயரத்தில் நிறுத்துகிறார்களோ அவ்வளவுக்குப் பழியும் வசதியாக அவர் மேல் உட்காரும்.

மதியச் சாப்பாடு முடிந்த நேரமாகப் பார்த்துப் போனான். சின்ன முன்னறை. நாற்காலிகளின் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கிழிக்கவில்லை. சுவரில் லாரியின் கதவில் சாய்ந்து நிற்கும் மனிதரின் படம். மகன் கதவருகிலேயே நின்றான், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மின்சார வேலை செய்கிறவன், வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருந்தான். யாரிடமோ சட்டம் கேட்டிருக்கிறான் என்பது அவன் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

"பேச்சைப் பதிவு பண்ணிக்கிறேம்மா, பரவாயில்லையா?" என்று கேட்டுப் போனை மேசை மேல் வைத்தான் பஞ்சு.

"பண்ணிக்கோங்க தம்பி. நாங்க என்ன திருடியா வச்சிருக்கோம்?"

"அப்பா வெறும் டிரைவர் சார்" என்று மகன் முந்திக்கொண்டான். "அவங்க சொன்ன இடத்துல கொட்டினாரு. அவருக்கு வேற எதுவும் தெரியாது. அவ்வளவுதான் விஷயம்."

மனப்பாடம் செய்துவைத்த பேச்சு. அது உண்மையும்கூட. தாய் மகனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் பஞ்சுவுக்குப் பாதி வேலை முடிந்துபோயிற்று.

"அதான் நானும் நினைச்சேன்" என்றான், குரலில் பரிதாபத்தைக் குழைத்து. "பாவம், படிப்பும் இல்ல. போன்னா போவாரு, நில்லுன்னா நிப்பாரு. தொழிற்சாலையிலயும் அப்படித்தான் சொன்னாங்க. எடுபிடி மாதிரி ஒரு ஆள் இருந்தாருன்னு."

"எடுபிடியா? யாரு சொன்னது?"

"அம்மா, சும்மா இரு."

"நீ சும்மா இருடா. பெத்த அப்பனை வெறும் டிரைவர்ங்கிறே, வாய் கூசல உனக்கு?" அந்த அம்மா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "தம்பி, அவரு யாருகிட்டயும் கைகட்டி நின்னவரு இல்ல. சொந்த வண்டி, சொந்தத் தொழில். தொழிற்சாலைக்காரங்கதான் இவரைத் தேடி வருவாங்க."

"அப்படியா!" என்று வாயைப் பிளந்தான் பஞ்சு. "சரிம்மா, வண்டி சொந்தம்தான். ஆனா எங்க கொட்டணும்னு மேற்பார்வையாளர்தானே சொல்லியிருப்பாரு? அதுக்கெல்லாம் விவரம் வேணுமே."

"அந்த ஆளுக்கு என்ன தெரியும்? ராத்திரி சாப்பிடும்போது இவரு சிரிச்சுக்கிட்டே சொல்லுவாரு. 'அவனுங்களுக்குக் கிழக்கும் தெரியாது மேற்கும் தெரியாது, குழியைக் கண்டுபிடிச்சதே நான்தான்'னு. இடம் பார்த்ததெல்லாம் எங்க வீட்டுக்காரர்தான் தம்பி."

"அம்மா!"

பகலெல்லாம் வாயைத் திறக்காமல் கைகாட்டிய பக்கம் வண்டி ஓட்டிய மனிதர், வீட்டுக்கு வந்து மனைவி முன்னால் முதலாளியாகியிருக்கிறார். அந்த அம்மாவும் அதை நம்பி, மனசு நிறைந்து குடும்பம் நடத்தியிருக்கிறார். யாருக்கும் கெடுதல் இல்லாத பொய். பஞ்சுவுக்கு அது புரிந்தது. புரிந்து ஒரு கணம் அவனுக்கே சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவன் கை போனை நிறுத்தப் போகவில்லை.

மகன் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். "வீடு போச்சும்மா" என்றான்.

"என்னடா உளர்றே?"

"இடம் பார்த்தவன்தான் எல்லாத்துக்கும் பொறுப்பு. படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. அப்பாதான் பார்த்தாருன்னு இப்ப நீயே சொல்லிட்ட. இந்த வீட்டை எடுத்துக்குவாங்க. நம்மைத் தெருவுல நிறுத்துவாங்க."

அந்த அம்மா பஞ்சுவைப் பார்த்தார். அவன் இல்லை என்று சொல்வான் என்று காத்திருந்தார். அவன் சொல்லவில்லை. அவருடைய விரல்கள் நாற்காலியின் பிளாஸ்டிக் உறையை நெருடத் தொடங்கின.

"தம்பி, நான் சொன்னதை மாத்திச் சொல்லலாமா?"

"தாராளமா சொல்லலாம்மா. உங்க வாய், உங்க பேச்சு."

அவர் சுவரில் இருந்த கணவரின் படத்தை நிமிர்ந்து பார்த்தார். மகன் கீழேயிருந்து கையெடுத்துக் கும்பிட்டான். கடைசியில் பேசியபோது குரல் அவருடையது மாதிரியே இல்லை.

"அவரு வெறும் டிரைவர்தான். அவருக்கு ஒண்ணும் தெரியாது. அவங்க கைகாட்டின இடத்துல கொட்டுவாரு."

"எடுபிடி மாதிரின்னு சொல்லலாமாம்மா?"

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். "சொல்லலாம்."

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. சரியாப் பதிவாகாது."

"எடுபிடிதான்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். ஆயுசிலேயே முதல் முறையாகக் கணவரைக் கேவலப்படுத்திப் பொய் சொல்லிவிட்டதாக நினைத்து அழுதார். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பது அந்த அறையில் பஞ்சு ஒருத்தனுக்குத்தான் நிச்சயமாகத் தெரியும்.

அவர் அழுது ஓயும்வரை அவன் பொறுமையாக இருந்தான். மகன் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அவர் ஒரு வாய் குடித்ததும் பஞ்சு முன்னால் சாய்ந்து, மெத்தென்று கேட்டான்.

"ஒரே ஒரு கேள்விம்மா. முதல்ல சொன்னது நீங்களா சொன்னீங்க. இப்ப சொன்னது, வீடு போயிடும்னு உங்க மகன் சொன்னதால மாத்திச் சொன்னது. அப்படித்தானே?"

மகன் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அந்த அம்மா அவனைப் பார்க்கவில்லை. அவர் பொய் சொல்லிப் பழகாதவர்.

"ஆமா தம்பி" என்றார்.

பஞ்சு போனை எடுத்து நிறுத்தினான்.