நின்று வழி கேட்காத ஜீப்

1

இந்தக் கதை ஒரு கடை வாசலில் கிடைத்தது. புதுக்கோட்டை, உச்சி வெயில். என் மதினி மெர்லின், வழிகாட்டும் ஜி.பி.எஸ் கருவி ஒன்றைக் கையில் பிடித்தபடி நடுத்தெருவில் நின்றார். கடைக்காரர் பின்னாலேயே ஓடி வந்தார்.

(வேறொரு தொடக்கமும் இருந்தது: ‘எங்கள் ஊர் ஆவூரிலிருந்து புறப்படும் சாலைகள் எல்லாம் ஒருநாள்...’ அடித்துவிட்டேன். சாலைகள் தத்துவம் பேசக் கூடாது.)

2

மதினியிடம் மேல்மூடி இல்லாத பழைய ஜீப் இருக்கிறது. பூ ஜோடித்து, மாப்பிள்ளையை ஏற்றி, பெண் ஊர்வரை அவரே ஓட்டுவார். எங்கள் பக்கத்தில் இந்தத் தொழிலில் வேறு பெண் கிடையாது.

அந்த வண்டிக்கு ஒரு விதி. மாப்பிள்ளை ஏறிய பிறகு நின்று வழி கேட்கக் கூடாது. கேட்டால், “மாப்பிள்ளைக்குப் பொண்ணு ஊரே தெரியலையாம்ல” என்ற பேச்சு பந்திவரை வந்துவிடும்.

எங்கள் மாவட்டத்தில் எந்தப் பக்கம் போனாலும் ஒரு புதுப்பட்டி வரும். தை மாதம் மதினி ஒரு மாப்பிள்ளையை வேறொரு புதுப்பட்டியில் கொண்டுபோய் இறக்கினார். அங்கே கல்யாணமே இல்லை. அன்றிலிருந்து அவர் ‘புதுப்பட்டி மெர்லின்’. கறம்பக்குடிப் பக்கம் அடுத்த கல்யாணம். அதுவும் ஒரு புதுப்பட்டிதான். அங்கும் தவறினால் பெயர் நிலைத்துவிடும், வண்டி நின்றுவிடும்.

3

செல்போன் உதவாது. திறந்த வண்டியில் வெயில் பட்டதும் சூடேறி அணைந்துவிடுகிறது. கடைக்காரர் பெரிய திரை வைத்த ஒன்றைக் காட்டினார். மதினி அதைத் தெருவுக்குக் கொண்டுபோனது அதனால்தான்.

“இதுல என் மூஞ்சிதான் தெரியுதுண்ணே. என் மூஞ்சிக்கு வழி எனக்கே தெரியும்.”

அடுத்தது பைக்கில் மாட்டும் சின்னக் கருவி. வெயிலில் எழுத்து தெரிந்தது. மழைக்குத் தாங்குமா என்று தன் பாட்டில் தண்ணீரை அதன்மேல் ஊற்றினார்.* கருவி அணையவில்லை. ஆனால் குரல் மெலிது, மேளத்தில் கேட்காது. காதில் ஒரு இயர்போன் மாட்டி, மல்லிகைச் சரத்துக்குள் மறைத்தார். அதையே வாங்கினார்.

* கடைக்காரர் பெயர் சந்தோஷ்குமார். தண்ணீர் ஊற்றிய நேரத்தில் மட்டும் பெயர் பொருந்தவில்லை.

4

கல்யாணத்தன்று நான் பின்னால் மேளக்காரர்களின் வேனில் இருந்தேன். ஒரு முக்கில், பிள்ளையார் கோயில் அருகே, கருவி காட்டிய சாலையைப் பாலத்துக்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மிச்சம் இரண்டு பாதை. கருவி வேறு வழி தேட ஆரம்பித்தது. டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் ஜீப்பையே பார்த்தார்கள். மதினி வாயைத் திறந்தால் வழி சொல்லிவிடுவார்கள்.

‘மதினி தயங்கி...’

இல்லை. அவர் தயங்கவில்லை. ஸ்டீயரிங்கை ஒடித்தார். பிள்ளையாரை வலம் வந்தார். மாப்பிள்ளை கும்பிட்டார். மேளம் வேகம் பிடித்தது. டீக்கடையில் எழுந்து நின்றார்கள். இரண்டாம் சுற்றிலும் கருவி தேடிக்கொண்டிருந்தது. மூன்றாம் சுற்றில் பேசியது.

(ஆவூர் மாதா கோயில் பாடகர் குழுவில் மதினிக்கு முதல் வரிசை. பிள்ளையார் கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை.)

5

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் சரியான புதுப்பட்டி. மற்றதில் தவறான புதுப்பட்டி. இரண்டையும் மதினிக்கு வாசித்துக் காட்டினேன்.

“போய்ச் சேந்ததை எதுக்கு எழுதுறீங்க தம்பி? சேக்குறது என் வேலை. அதுல என்ன கதை?”

அப்போது அவருடைய போன் அடித்தது. விராலிமலையிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீடு. அந்த மூன்று சுற்று அவர்களுக்கும் உண்டா என்று கேட்டார்கள்.

“உண்டுங்க. நம்ம வண்டியில எப்பவும் உண்டு.”

என்னைப் பார்க்காமலே சொன்னார். எனக்குப் பெருமை. நீட்டினால் அது வெளியே தெரிந்துவிடும், அதனால்தான் வாக்கியங்களைக் குட்டையாக வைத்திருக்கிறேன்.

6

அன்று எந்தப் பாதை? எனக்குத் தெரியும். நீங்கள் கேட்கக் கூடாது. முதல் வரியிலேயே ஏறிவிட்டீர்கள். ஏறியவர்களுக்கு விதி ஒன்றுதான். முற்றுப்புள்ளியும் ஒரு நிறுத்தம். ஆகவே மூன்றாம் சுற்று முடிகிறது, மல்லிகைக்குள் கருவி பேசுகிறது, மதினி கியரை மாற்றுகிறார், டீக்கடை பின்னால் போகிறது, ஜீப்