ஓடாத லிஃப்ட்

சிறையில் தம்பியைப் பார்த்துவிட்டு அக்கா நேராக வேலைக்குப் போய்விடுவாள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் மடிக்க வேண்டிய விரிப்புகள் மலையாகக் குவிந்திருக்கும். ஒன்பது வருஷத்தில் அழுகையும் வற்றி, மனசு மரத்துப் போயிருந்தது.

தம்பி அடுக்குமாடி வீடுகளுக்குத் தண்ணீர் கேன் போட்டவன். நாலாவது மாடியில் ஒரு பெண் கொலையான அன்று, சட்டையில் ரத்தத்தோடு அவன் லிஃப்டிலிருந்து இறங்கி ஓடியதைப் பார்த்ததாகக் காவலாளி சாட்சி சொன்னார். ஆயுள் தண்டனை. "லிஃப்ட் ஓடல. கேனைக் கீழயே வச்சிட்டு வந்துட்டேன்" என்று தம்பி தொண்டை வறளச் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

புதிதாக வந்த வக்கீலம்மா, போலீஸ் எடுத்த படங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஒன்றில் லிஃப்ட் கதவோரம் ஓர் அட்டை தொங்கியது. 'பழு' என்பது வரைக்கும்தான் தெரிந்தது.

கட்டடத்தின் பராமரிப்புப் புத்தகத்தில் அந்த வாரத்துத் தாளை யாரோ கிழித்திருந்தார்கள். பழுதுபார்க்கும் கம்பெனியில் கார்பன் நகல் இருக்கும் என்று கிழித்த ஆளுக்குத் தோன்றவில்லை. கொலை நடந்த அன்று காலை எட்டரையிலிருந்து மாலை மூன்று மணி வரை லிஃப்ட் நிறுத்தம் என்றது நகல்.

மறுவிசாரணையில் காவலாளியைக் கூண்டில் ஏற்றிக் கேட்டபோது வக்கீலம்மா குரலை உயர்த்தவே இல்லை.

"எத்தனை மணிக்குப் பார்த்தீங்க?"

"பதினொண்ணு."

"லிஃப்ட்ல இருந்துதான் வந்தாரா?"

"ஆமாங்க."

நகலைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார். காவலாளி படித்தார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"இன்ஸ்பெக்டர் ஐயா சொல்லச் சொன்னதைச் சொன்னேங்க. இல்லன்னா என்னையே உள்ள தள்ளிடுவேன்னார்."

மூன்றாவது வாரம் விடுதலை. வக்கீலம்மா அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். யாருடைய கையோ குலுங்குவதுபோல் அக்கா பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீடு திரும்பும் பஸ்ஸில் தம்பி கேட்டான்.

"நான் சொன்னதை நீ நம்புனியாக்கா?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது.

"முதல் ரெண்டு வருஷம் நம்புனேன். அப்புறம் இல்லடா."

அவனுக்குக் கோபம் வரவில்லை. "எனக்கே சந்தேகமாயிடுச்சு. அந்த லிஃப்ட்ல ஏறிப் போற மாதிரி கனவு வரும்." கொஞ்சம் பொறுத்து, "அப்புறம் ஏன் மாசாமாசம் வந்தே?" என்றான்.

"வராம என்ன பண்றது? நீதானே இருக்கே எனக்கு."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். இறங்கும் இடம் நெருங்கியதும் அக்கா எழுந்தாள்.

"நாளைக்கு எனக்குக் காலை ஷிப்ட். சோறு மூடி வச்சிருப்பேன். எழுந்ததும் சாப்பிடு."

"சரிக்கா" என்றான்.