தினம் ஓர் எலி

சாப்பாட்டு இடைவேளையில் போன் விளையாட்டிலிருந்து அந்த அழைப்பு மறுபடி வந்தது. நான் பல் செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறேன். கையில் மெழுகு ஒட்டியிருந்தது. ஏப்ரனில் துடைத்துவிட்டு போனைப் பார்த்தேன். அதே ஆள். பெயர் கிடையாது. ‘விருந்தாளி’ என்ற சொல்லும் பின்னால் சில எண்களும்.

“இன்னைக்கும் எலிதானா?” என்றார் பாலிஷ் போடுகிறவர். எங்கள் இருவருக்கும் ஒரே மேஜை.

“எலிதான்.”

“தினம் வந்து தோத்துட்டுப் போறதுக்கு அவனுக்கு என்ன வேண்டுதலா தம்பி? எதையோ நோட்டம் பாக்குறான்.”

அது கார்டுகளை மோதவிடும் விளையாட்டு. ஒவ்வொரு கார்டும் யாருடையது என்று பிளாக்செயின் என்கிற பொதுப் பதிவேட்டில் பதிவாகியிருக்கும். வைத்திருப்பவர் விற்கலாம், கொடுக்கலாம். ஜெயித்தால் பரிசாகக் காயினோ புதுக் கார்டோ வரும். கணக்கு என் மனைவியுடையது. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே ஆடித் தங்கப் படிக்கு ஏறினாள். அவள் இறந்த பிறகு நான் ஆடுகிறேன். அந்தப் படியிலிருந்து கணக்கு இறங்கக் கூடாது. எனக்கு அவ்வளவுதான் தெரிகிறது.

விளையாட்டில் ஒரு விதி உண்டு. யார் வேண்டுமானாலும் நாளுக்கு ஒருமுறை ஒருவரைப் பெயர் சொல்லிச் சண்டைக்கு அழைக்கலாம். மறுத்தால், மறுத்தவர் ஒரு படி இறங்குவார். தோற்றாலும் அப்படித்தான். அதனால் விருந்தாளி அழைக்கும்போதெல்லாம் நான் போனேன். நான் பலமான கார்டுகளாகப் பார்த்து ஒரு முழுப் படையை இறக்குவேன். எதிரில் ஒரே ஓர் எலி நிற்கும். முதல் அடியில் செத்துவிடும். பரிசு எனக்கு.

அன்று ஆட்டம் முடிந்ததும் பரிசு வரவில்லை. நிர்வாகத்திடமிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது. பரிசுக்காக நானே ஒரு டம்மி கணக்கை வைத்துத் தோற்கடித்துக்கொள்கிறேன் என்று சந்தேகப்படுகிறார்களாம். இன்னொரு முறை இப்படி ஒரு வெற்றி வந்தால் கணக்கு முடக்கப்படும். கார்டுகளை ஆடவும் முடியாது, எடுக்கவும் முடியாது.

பாலிஷ்காரர் எட்டிப் படித்தார். “சொன்னேன்ல. நோட்டம் பாத்தவன் வேலையைக் காட்டிட்டான். வீட்டுக்குள்ள யாராவதாத்தான் இருக்கும், பாருங்க.”

எனக்கு ஒரே முகம்தான் நினைவுக்கு வந்தது. மச்சினன். மனைவியின் தம்பி, போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். அவள் போன மறுவாரமே, “அக்கா கார்டையெல்லாம் என்ன பண்ணப் போறீங்க மாமா?” என்று கேட்டான். நான் பேச்சை மாற்றிவிட்டேன். அவளுடைய உடைந்த போன் இன்னும் அவன் கடையில்தான் கிடக்கிறது. கணக்கு முடங்கினால் நான் வெறுத்துப்போய் விட்டுவிடுவேன். பிறகு அவன் அக்காவின் போனைக் காட்டி மீட்டு எடுத்துக்கொள்வான். கூட்டிப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் வந்தது.

மறுநாள் அழைப்பு வந்தபோது மறுத்தேன். கணக்கு ஒரு படி இறங்கியது. தங்கம் போய் வெள்ளி என்று காட்டியது. அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெழுகு உருகி மேஜையில் வழிந்தது.

அதற்கு அடுத்த நாள் விடுமுறை. மாமியார் வீட்டுக்குப் போனேன். மச்சினன் கூடத்தில் தரையில் உட்கார்ந்து ஒரு போனின் முதுகைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

“வாங்க மாமா. வழி தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது.”

அத்தை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “வாங்க மாப்பிள்ளை” என்றார். உள்ளே போய்விட்டார். அவர் என்னிடம் அதற்கு மேல் பேசி நாளாகிறது.

நான் சுற்றி வளைக்கவில்லை. “அந்த விருந்தாளி நீதானே?”

“எந்த விருந்தாளி?”

எச்சரிக்கையைக் காட்டினேன். படித்தான். முகம் சுருங்கியது. “நானா? எனக்கு வேணும்னா நேரா கேக்க மாட்டேனா? திருடணும்னா எலியை வச்சா திருடுவாங்க?”

“அக்கா போன் உன்கிட்ட இருக்கு.”

“அது பொணம் மாதிரி கெடக்கு மாமா...” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். “டிஸ்ப்ளேயே வரல. வேணும்னா இப்பவே தூக்கிட்டுப் போங்க.”

நான் நம்பவில்லை. அவன் கைகளையே பார்த்தேன். ஒரு கையில் ஸ்க்ரூ டிரைவர், மறு கையில் போனின் மூடி. அப்போது என் போன் அதிர்ந்தது. விருந்தாளி அழைக்கிறார். கூடவே, சமையலறைக்குள்ளிருந்து ஒரு கொம்பு ஊதும் ஒலி கேட்டது. அழைப்பை அனுப்புகிறவரின் போனில் மட்டும் எழும் ஒலி.

மச்சினன் என்னைப் பார்த்தான். நான் எழுந்து போனேன்.

அத்தை அடுப்புக்கு எதிரில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி மூக்கு நுனியில் இருந்தது. கையில் போன், திரையில் எலி. என்னைக் கண்டு மறைக்கவில்லை.

“நீங்களா அத்தை?”

“நான்தான்.”

“யார் சொல்லிக்கொடுத்தா?”

“யார் சொல்லிக்கொடுப்பா? ஆஸ்பத்திரியில பொழுது போகணும்ல அவளுக்கு. நான்தான் அவளுக்கு எதிராளி.”

“அம்மா, உனக்கு இதெல்லாம் தெரியுமா?” என்றான் பின்னால் வந்து நின்ற மச்சினன்.

“உன்கிட்ட சொன்னா ஊருக்கே சொல்லுவே.”

நான் கேட்டேன். “எதுக்காக தினம் வந்து தோக்குறீங்க?”

“தோக்க வரல மாப்பிள்ளை. பாக்க வர்றேன். எலி போதும் அதுக்கு.”

“என்ன பாக்க?”

“அவ கார்டு இருக்கா, வித்துட்டீங்களான்னு.”

அடுப்பில் ஏதோ பொங்கியது. அவர் கையை மட்டும் நீட்டித் தணித்தார். “உங்க படையில விளக்குக்காரியக் காணோம். ஒருநாள் வருவான்னு பாத்தேன். அப்புறம் தினம் பாத்தேன். வரவே இல்ல. சரி, கை மாறிடுச்சுன்னு புரிஞ்சுக்கிட்டேன். மத்ததெல்லாம் எப்பப் போகும்னு பாத்துட்டு இருக்கேன்.”

விளக்குக்காரி யாரையும் அடிக்காத கார்டு. பக்கத்தில் நிற்பவர்களின் காயத்தை ஆற்றும். மெதுவானது. மனைவி அதைப் பிடிவாதமாக இறக்குவாள், அதனாலேயே பல ஆட்டம் தோற்பாள். நான் இறக்குவதில்லை. இறக்கினால் படி இறங்கும்.

“விக்கல அத்தை. தோத்துடுவேன்னு வைக்கல.”

“அப்படியா?” என்றார். நம்பாதவர்கள் சொல்லும் அப்படியா.

“அம்மா, இது பிளாக்செயின்மா,” என்றான் மச்சினன். “யார்கிட்ட எந்தக் கார்டு இருக்குன்னு உலகமே பாக்கலாம். அதுக்குன்னு பக்கம் இருக்கு. யாரையும் நம்பவே வேண்டாம்கிறதுதான் இதோட விஷயமே.”

“அந்தப் பக்கத்தைக் காட்டப்போறது யாரு? நீ. நீ உங்க மாமாவோட சேர்ந்துக்கிட்டா?” அவர் என் பக்கம் திரும்பினார். “எழுதி வச்சிருக்கறதெல்லாம் எனக்கு வேண்டாம். களத்துல வந்து நிக்கட்டும். என் கண்ணால பாக்கறேன்.”

எச்சரிக்கையைப் பொறுமையாக விளக்கினேன். இன்னோர் எலி செத்தால் கணக்கு முடங்கும், விளக்குக்காரியும் சேர்ந்து முடங்குவாள் என்றேன். அத்தை கேட்டுக்கொண்டார்.

“அப்ப அவள என் கணக்குக்கு அனுப்பிடுங்க.”

“இப்ப அனுப்பினா நாம ரெண்டு பேரும் கூட்டுன்னு முடிவே பண்ணிடுவாங்க.”

“வசதியான பதில்தான்.”

போனைப் பார்த்தேன். அழைப்பு இன்னும் திரையில் துடித்துக்கொண்டிருந்தது. நேரம் முடிந்தால் மறுத்ததாகிவிடும். இன்னொரு படி போகும்.

“முழுப் படையையும் வைங்க அத்தை. நெஜமா அடிங்க. நான் அவளை இறக்கறேன்.”

“தோத்துருவீங்களே.”

“தோத்துக்கறேன்.”

அவர் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டார். எலியை எடுத்துவிட்டு ஒவ்வொன்றாக வைத்தார். இலவசமாக வரும் சாதாரணக் கார்டுகள்தான். ஆனால் வரிசை சாதாரணமாக இல்லை. முன்னால் கவசக்காரன், நடுவில் வில்காரர்கள், கடைசியில் விஷப்பாம்பு. என் மனைவி வைக்கும் அதே வரிசை.

நான் விளக்குக்காரியை நடுவில் வைத்தேன். ஆட்டம் தொடங்கியது. அத்தை திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோனார். விளக்கு எரிந்தது. காயம் பட்டவன் எழுந்தான். மறுபடி பட்டது, மறுபடி எழுந்தான். வில்காரர்கள் ஒவ்வொருவராக என் படையைத் தின்றார்கள். கடைசியில் அவள் மட்டும் நின்றாள். அடிக்கத் தெரியாதவள். பாம்பு அவளைத் தொட்டது.

“இருக்கா,” என்றார் அத்தை. தனக்கே சொல்லிக்கொண்டார்.

மச்சினன் சிரிப்பை அடக்கினான். “மாமா, எங்கம்மா உங்களத் துவைச்சுட்டாங்க.”

என் கணக்கு இன்னொரு படி இறங்கியது. எச்சரிக்கை எதுவும் வரவில்லை. அத்தை பரிசுப் பெட்டியைத் திறக்காமலே போனை மடியில் வைத்துக்கொண்டார்.

“சாப்பிட்டுட்டுப் போங்க,” என்றார். பிறகு, நான் கை கழுவப் போகும்போது, முதுகுக்குப் பின்னால் சொன்னார். “நாளைக்கும் அவ வரணும் மாப்பிள்ளை. வரலன்னா நான் பழையபடி எலிய இறக்கிடுவேன்.”

அது மிரட்டல் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

“வருவா அத்தை,” என்றேன்.