குன்றைச் சுற்றும் வண்டி

லிப்பே மலைப்பக்கத்துக் குட்டி ரயிலுக்கு அவசரம் என்றால் என்னவென்றே தெரியாது. சாராய ஆலை முதலாளியின் வாசலைத் தொட்டுப் போக வேண்டுமென்று தண்டவாளத்தை வளைத்துவிட்டார்கள். எல்ஸ்ப்ரூக்கிலிருந்து ஹோலன்ரோடேவுக்குக் குன்றைச் சுற்றி நாற்பது நிமிடம். குன்றேறி நடந்தால் இருபதே நிமிடம்.

கார்டு டோனியெஸின் வீடு அந்தக் குன்றுப் பாதையோரம் இருந்தது. ஒன்பது வருடமாக எல்ஸ்ப்ரூக்கில் இறங்குவான். டிரைவர் ஹென்கே கொடிக்குக் காத்திராமல் வண்டியை எடுத்துவிடுவார். வீட்டில் காபி குடித்து, பன்றிக்கு உருளைக்கிழங்குத் தோல் போட்டுவிட்டு, ஹோலன்ரோடேவில் ஏறிக்கொள்வான்.

அன்று பன்றி குட்டி போடும் நாள். அன்றைக்கென்று பார்த்துப் புது இன்ஸ்பெக்டர் வெஸ்லிங் வண்டியில் உட்கார்ந்திருந்தார். வண்டியை விட்டு அந்தப் பாதையில் நடந்ததற்காக டோனியெஸுக்கு ஏற்கெனவே இரண்டு மெமோ. மூன்றாவது வந்தால் பழையபடி கல்குவாரிதான்.

"இன்னைக்கு ஒருநாள் வண்டியிலேயே குந்துய்யா," என்றார் ஹென்கே.

"இன்ஸ்பெக்டர் வந்திருக்கார், அடக்கிக்கோன்னு பன்னிகிட்ட நீ போய் சொல்றியா?"

போனான். ஏழு குட்டி. காபிகூடக் குடிக்காமல் பாதைக்கு ஓடிவந்தால், எதிரே மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது இன்ஸ்பெக்டர். தொப்பி இல்லை. முழங்கால் வரை சேறு.

"உன்னைத் தேடித்தான்யா இறங்கினேன். வண்டி போயிடுச்சு! கார்டு இல்லாம எப்படி எடுப்பான்?"

"பழக்கமுங்க. இந்த வழி யாருங்க காட்டினாங்க?"

"ஸ்டேஷன்ல பால் கேன் ஏத்தின பொம்பள. 'கார்டு போற வழியிலேயே போங்க'ன்னா." அவர் குரல் இறங்கியது. "ஹோலன்ரோடேல கம்பெனி டைரக்டர் நிக்கிறார். நான் வண்டியிலேருந்து இறங்கறத அவர் பார்க்கணும்."

டோனியெஸுக்கு உயிர் வந்தது. "இது கம்பெனி ஆளுங்க நடக்கக் கூடாத பாதைங்க. ரெண்டு மெமோவிலயும் அப்படித்தான் போட்டிருக்கு."

"மெமோ கிடக்கட்டும், நடய்யா!"

இருவரும் ஓட்டமாய் இறங்கினார்கள். வண்டி வந்து நின்றதும் பின்பக்கமாக ஏறி, பெட்டிக்குள் புகுந்து, பிளாட்பாரப் பக்கம் மிடுக்காக இறங்கினார் வெஸ்லிங்.

"கார்டு ஆள் எப்படி?" என்றார் டைரக்டர்.

"கூடவே வந்தான் சார். குறை சொல்ல ஒண்ணுமில்ல."

எஞ்சினிலிருந்து எட்டிப் பார்த்தார் ஹென்கே. "எத்தனைய்யா?"

"எட்டு," என்றான் டோனியெஸ். "ஏழு வீட்ல. எட்டாவது அதோ, சேத்தோட போவுது பார்."