பாட்டய்யா திருத்தப் போன வரி

பிரார்த்தனை மண்டபத்தில் பாடும் பாட்டில் பாதி பாட்டய்யா எழுதியது. அந்தப் பெயர் ஊர் வைத்தது. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஆளைக் கைகழுவிவிட்டது. அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது என்றுதான் பலருக்கும் நினைப்பு. அவரோ மாடி அறையில், மனைவியின் காலிக் கட்டிலுக்கு எதிரே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறார்.

அவள் போனதிலிருந்து ஒரு வரி அவரைத் தூங்கவிடவில்லை. ‘தட்டிய கையை வெறுங்கையாய்த் திருப்பியதில்லை நீ.’ அடேயப்பா, என்ன தைரியம்! கல்யாணமான புதிதில், ஒரு குறையும் தெரியாத வயதில் எழுதியது. அவள் மூச்சுக்குத் திணறியபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அதே வரியைச் சொல்லிச் சொல்லிக் கெஞ்சினார். வெறுங்கையோடுதான் வீடு திரும்பினார். கண்ணை மூடுவதற்குள் அந்தப் பொய்யைத் திருத்திவிட வேண்டும், அவ்வளவுதான்.

மண்டபத்து நிர்வாகியிடம் போனார்.

“வரியை மாத்தணுமா? நல்லா கேட்டீங்க போங்க! அந்த வரிக்குத்தான் கூட்டமே வருது.”

“எழுதினவன் நான்ப்பா.”

“யாரு இல்லைன்னா? எழுதினதோட உங்க வேலை முடிஞ்சுது. வீட்டுல போய் ரெஸ்ட் எடுங்கய்யா.”

பாட்டய்யாவுக்குக் கோபம் தலைக்கேறியது. மண்டபத்தில் ஒரு வழக்கம்: பாடகர் ஒரு வரியைப் பாடி நிறுத்துவார், கூட்டம் அதையே திருப்பிப் பாடும். அந்த இடைவெளியில் புது வரியைப் போட்டு உடைத்துவிட்டால்? நாலு பேர் காதில் விழுந்தால் போதுமே! அடுத்த கூட்டத்துக்குப் போய் நடுவில் உட்கார்ந்தார். ஒருவரும் அவரை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அந்த வரி வந்ததும் அடிவயிற்றிலிருந்து குரலெடுத்தார்: ‘தட்டிய கை ஓய்ந்தும் கதவைத் திறக்கவில்லை நீ!’

கூட்டத்தின் சத்தத்தில் அது காணாமல் போயிற்று. பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு மட்டும் கேட்டது. தையல்கடையில் வேலை செய்பவள். அளவு நாடா இன்னும் கழுத்திலேயே தொங்கியது.

“தாத்தா, தப்பாப் பாடுறீங்க,” என்று கிசுகிசுத்தாள்.

“தப்பில்லைம்மா. இதுதான் சரி.”

“ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க! எம் பொண்ணு ஆஸ்பத்திரியில கெடக்கா. இந்த ஒரு வரியைப் பிடிச்சிக்கிட்டுத்தான் நடமாடிட்டு இருக்கேன். அடுத்த தடவை சரியாப் பாடுங்க தாத்தா, எம் பொண்ணுக்காக.”

பாடகர் அந்த வரியை மறுபடி எடுத்தார். இவளிடம் போய் என்னத்தைச் சொல்வது? அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாடினார். பழைய வரியை, ஒரு எழுத்துப் பிசகாமல், அவளுக்குக் கேட்கும்படி பாடினார்.

“பாத்தீங்களா, வந்துடுச்சு,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள் அவள். கூட்டம் முடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

பாட்டய்யா தட்டுத் தடுமாறி மாடி ஏறினார். எதிரே அதே கட்டில். இத்தனை வருஷத்தில் இவ்வளவு தனியாக அவர் இருந்ததில்லை.

“மன்னிச்சுடுடி. அந்த வரி இருந்துட்டுப் போகட்டும்,” என்றார் கட்டிலைப் பார்த்து.

பிறகு, மனைவி போன நாளிலிருந்து செய்யாத ஒன்றைச் செய்தார். கைகூப்பினார். “அந்தத் தாய்க்கு அவ பொண்ணையாவது குடுத்துடுப்பா,” என்று கேட்டார். கேட்கிற காது இருக்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. இருந்தாலும் மறுபடி கேட்டார்.