வெயிலே படாத சிவப்பு வண்டி

லிபா நகரில் நான்கு பள்ளிக்கூடங்களுக்குப் புத்தோ என்ற அரிசிமாவுப் பலகாரம் அவித்துக் கொடுப்பவள் லிகாயா. பலகாரக் கூடைகளை வாடகை வண்டியில் ஏற்றி இறக்கியே இடுப்பு விட்டுப்போனதால், பழைய கார் ஒன்று வாங்குவதென்று முடிவாயிற்று. இணைய ஏலத்தில் தேடும் பொறுப்பைக் கணவன் டெல்ஃபின் ஏற்றுக்கொண்டான். மூன்றாம் நாளே ஒரு சிவப்பு வண்டியிடம் மனதைப் பறிகொடுத்தான்.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஓட்டியது, வெயிலே படாதது என்று விற்பவர் நெஸ்டர் எழுதியிருந்தார். பதினொரு படங்களிலும் வெளிப்புறம் பளபளத்தது. எஞ்சினையோ இருக்கைக்கு அடியையோ காட்டும் படம் ஒன்றுகூட இல்லை. லிகாயா கேட்டதற்கு, கேமரா கெட்டுவிட்டது என்றார். நேரில் வரலாமா என்றதற்கு, ஆசிரியை தீர்த்தயாத்திரை போயிருக்கிறார், சாவி அவரிடம் இருக்கிறது என்றார்.

"கோயிலுக்குப் போறவங்க கார் சாவிய எதுக்கு எடுத்துட்டுப் போறாங்க?" என்றாள் லிகாயா.

"உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம். நாலு மணிக்கு ஏலம் முடியுது. எவனாவது கொத்திக்கிட்டுப் போயிடுவான்."

லிகாயா அவன் கைப்பேசியை வாங்கி, ஏலப் பக்கத்தில் எல்லோரும் பார்க்கும் கேள்விப் பகுதியில் அவன் பெயரிலேயே எழுதினாள்: "அண்ணே, வண்டி ரொம்பப் பிடிச்சிருக்கு. எங்க தெருவுல மழை பெஞ்சா இடுப்பளவு தண்ணி நிக்கும். இது தாங்குமா?"

டெல்ஃபின் எட்டிப் பார்த்தான். "நம்ம ஊரு மேட்டுல இருக்கு. இடுப்பளவு தண்ணிக்கு எங்க போவ?"

"அது அவருக்குத் தெரியாதுல்ல."

ஒரே நிமிடத்தில் பதில் வந்தது. "கவலைய விடுங்க தம்பி. போன புயல்ல கண்ணாடி வரைக்கும் முங்கிச்சு. நாலு நாள் காய வச்சோம், அஞ்சாவது நாள் சிங்கம் மாதிரி கிளம்பிடுச்சு."

டெல்ஃபின் அதை இரண்டு முறை படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். அடுத்த சில நிமிடங்களில் யாரோ ஒருவர், டீச்சருக்கு நீச்சல் தெரியுமா என்று கேட்டிருந்தார். ஏலத்தொகை அதன் பிறகு ஏறவே இல்லை. நாலு மணிக்குள் வண்டியே ஏலப் பக்கத்திலிருந்து மறைந்துவிட்டது.

பிழைப்பைக் கெடுத்துவிட்டீர்களே என்று நெஸ்டர் தனியாகச் செய்தி அனுப்பினார். டீச்சரம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்று லிகாயா பதில் போட்டாள்.

மறுவாரம் பக்கத்து ஊரான தனாவானில் ஒரு செவிலியின் வண்டி ஏலத்துக்கு வந்தது. அவர் துருப்பிடித்த இடங்களைக்கூடப் படமெடுத்துப் போட்டு, கருவாட்டு வாடை போகவே போகாது என்றும் எழுதியிருந்தார். இருவரும் நேரில் போனார்கள். லிகாயா சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துச் சேற்றுக்கறை தேடினாள், தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்தாள், மெக்கானிக்கை அடியில் படுக்கவைத்தாள், தானே இரண்டு சுற்று ஓட்டினாள். அதன் பிறகுதான் டெல்ஃபினை ஏலம் கேட்க விட்டாள்.

இப்போது தினமும் காலையில் அந்த வண்டியை அவள் ஓட்ட, அவன் மடியில் கூடையோடு உட்கார்ந்து போகிறான். வாடையைப் பற்றி யாராவது கேட்டால், வாடையை மறைக்காமல் விற்ற வண்டி, பார்த்து வாங்கியதே தான்தான் என்கிறான்.