கேப்டன், கேக்குதா?

விறைத்துப்போன கால் ஷூவுக்குள் போக மறுத்தது. அவள் நாடாவை முழுக்கத் தளர்த்தி, குதிகாலைத் தாங்கி இன்னொரு முறை தள்ளிப் பார்த்தாள்.

"விட்டுருங்க அண்ணி. காலை யாரு பாக்கப் போறா" என்றான் கொழுந்தன்.

"ஷூ இல்லாம அவர் யூனிஃபார்ம் போட்டதே இல்லப்பா."

ஒருவழியாகக் கால் நுழைந்தது. நடு ஹாலில், பெட்டிக்குள், கிளம்பத் தயாரானவர் மாதிரிதான் படுத்திருந்தார்.

காலமெல்லாம் ஆகாயத்தில் திரிந்த விமானி, கடைசியில் வீட்டுச் சோபாவில் போய்ச் சேர்ந்திருந்தார். நேற்று மாலை, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தவரைப் பார்த்து, "போதும், எந்திரிங்க. டீ ஆறுது" என்று சொல்லிவிட்டு அவள் துணி மடிக்கப் போய்விட்டாள். அவர் அடிக்கடி ஆடும் ஆட்டம்தானே அது.

ஓய்வு நாட்களில் பக்கத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு வழிகாட்டியாகப் போய்வந்தார். விமான நிறுவனம் இதற்கு ஆள் கேட்டபோது முதலில் கையைத் தூக்கியவர் அவர்தான். காற்று, மேகம், வரைபடம் என்று என்னென்னவோ சொல்லிக் கொடுத்தாலும், பிள்ளைகள் காத்துக் கிடந்தது ஒன்றுக்குத்தான். பேசிக்கொண்டே இருப்பவர் திடீரென்று கண் செருகி நாற்காலியில் சரிவார். கேப்டனுக்கு என்னவோ ஆகிவிட்டது. இப்போது விமானம் யார் பொறுப்பு? இரண்டு தடவை கூப்பிட வேண்டும். பதில் இல்லையென்றால் துணை விமானியாக இருக்கும் பிள்ளை பொறுப்பேற்க வேண்டும்; மற்றவர்கள் அவர் கைகளைக் கருவிகளிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். எல்லாம் சரியாக நடந்தால் வலது கண்ணை மட்டும் திறப்பார். வகுப்பு கூரை பிய்ந்துபோகச் சிரிக்கும். சரிந்து விழுவதற்கான ஒத்திகை மட்டும் வீட்டில், அவளிடம்.

வாசலில் நிழலாடியது. அந்த வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். பின்னால் வந்த டீச்சர் அவள் காதோரம் குனிந்தாள்.

"சொல்லிட்டேம்மா. நம்ப மாட்டேங்குதுங்க. நேர்ல பாத்தாலாவது..."

பிள்ளைகள் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். ஒன்றுகூட அழவில்லை. எல்லோரும் அவருடைய வலது கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிறிது நேரத்தில் அவளும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரெட்டைச் சடைக்காரி ஒருத்தி முன்னால் வந்தாள். அவர் வீட்டில் ஓயாமல் சொல்லிச் சிரிக்கும் வாயாடி இவளாகத்தான் இருக்கும்.

"கேப்டன்."



கொழுந்தன் தடுக்க எழுந்தான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நேற்று அவள் கூப்பிட்டது ஒரே தடவைதான்.

"கேப்டன், கேக்குதா?"

இமை அசையவில்லை.

சிறுமி தொண்டையைச் செருமினாள். அச்சு அசல் அவருடைய செருமல்.

"கன்ட்ரோல் என் கையில."

பிள்ளைகள் நகர்ந்தார்கள். யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. ஒருத்தி டையைத் தளர்த்தினாள். இரண்டு பேர் அவர் கைகளைப் பக்கவாட்டிலிருந்து எடுத்து, எதன்மேலும் படாதபடி நெஞ்சில் சேர்த்து வைத்தார்கள். அந்தக் குளிர்ச்சியில் ஒருவன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். பிறகு மறுபடியும் வைத்தான்.

வாயாடி கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். குரலில் அவசரமே இல்லை.

"பயணிகள் எல்லாரும் அவங்கவங்க இடத்துல உக்காருங்க. பயப்பட ஒண்ணுமில்ல. இறங்கப் போறோம்."

முதலில் கொழுந்தன் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தான். அப்புறம் எதிர்வீட்டுக்காரர். சவப்பெட்டி கொண்டுவந்த ஆட்கள். டீச்சர். நாற்காலிகள் ஒவ்வொன்றாகத் தரையில் உரசின.

கடைசிவரை நின்றிருந்தது அவள்தான். அந்தக் கண்ணை இன்னொரு தடவை பார்த்தாள்.

ஜன்னலோரத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அவள் போய் உட்கார்ந்தாள். விமானம் இறங்கும்போது ஆவதுபோல காது இரண்டும் மெல்ல அடைத்துக்கொண்டன. எச்சிலை விழுங்கிப் பார்த்தாள்.